பட்டினிக்கு வெற்றிலை பாக்கு வைத்த மாவு அக்கா

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஐந்து வருஷமாக யோசித்தேன். நோட்டை எடுப்பேன். பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குக் கீழே "மாவு அக்கா" என்று எழுதுவேன். அதோடு மூடி வைத்துவிடுவேன். எட்டாவதுக்கு மேல் படிக்காதவன், லேத்துப் பட்டறையில் இரும்பு கடைகிறவன், பேனா பிடிக்கக் கூச்சமாக இருக்கிறது என்று வீட்டில் சாக்குச் சொன்னேன். உண்மையான காரணம் அதுவல்ல. அக்காவைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் ஒரு விஷயத்தை எழுதியாக வேண்டும். போன மாதம் பைரவர் சந்நிதியில் நின்று, "சரி சாமி, எழுதிவிடுகிறேன்" என்று ஒப்புக்கொண்டு வந்தேன். சாமியிடம் சொன்ன பிறகு மாற முடியாது.

கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பார்கள். காதுகுத்துக்கு அழைப்பார்கள். கிடா விருந்துக்கு அழைப்பார்கள். ஒரு நாயைப் பட்டினி போடுவதற்காக வீடு வீடாகப் போய், தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, "அவசியம் ஒத்துழைக்கோணுமுங்க" என்று அழைத்த மனுஷி இந்தப் பூமியில் ஒருத்தர்தான். சிங்காநல்லூரில் எங்கள் மூன்றாவது வீதிக்கு இட்லி மாவு கொண்டுவரும் மாவு அக்கா.

சொந்தப் பெயர் என்னவென்று யாருக்கும் தெரியாது. ரேஷன் கடையில் கூட "மாவு அக்கா வந்தாச்சு, கார்டு குடுங்க" என்றுதான் சொல்வார்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கும் அக்கா, எண்பது வயதுக்காரருக்கும் அக்கா. மொபெட்டின் இரண்டு பக்கமும் இரண்டு எவர்சில்வர் டிரம். ஒன்றில் இட்லி மாவு, இன்னொன்றில் தோசை மாவு. வடைக்கு உளுந்து மாவு வேண்டுமென்றால் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். அக்கா மாவாட்டும் கிரைண்டர் ஓடினால் அடுத்த வீட்டுச் சுவரில் மாட்டிய சாமி படம் ஆடும். அந்த வீட்டுக்காரர் படத்தை நேராக வைப்பதையே காலைக் கடனாக வைத்திருந்தார்.

சுத்தம் என்றால் அப்படி ஒரு சுத்தம். ஒருநாள் மாவு ஊற்றுகிறபோது அக்காவின் புடவை நுனியை ஒரு நாய் உரசிவிட்டது. அக்கா மாவை அப்படியே மூடி வைத்துவிட்டு வீட்டுக்குப் போய், தலை முழுகி, புடவை மாற்றிக்கொண்டு வந்து மீதி அரைப் படியை ஊற்றினார். அதுவரை ஐந்து வீட்டுப் பாத்திரம் வாசலில் காத்துக்கொண்டிருந்தது.

ஆனால் நாய்களோடு பேசுவதற்கு மட்டும் தடை கிடையாது. எங்கள் ஊரில் மனிதர்களுக்கு "ங்க" போட்டுப் பேசுவது வழக்கம். அக்கா நாய்களுக்கும் போடுவார்.

"ஏனுங்க செவலை, நேத்து எங்க போயிட்டீங்க? ஆளையே காணோம்?"

"கறுப்பரே, அந்தக் குழந்தை பயப்படுது. கொஞ்சம் அக்கட்டால நில்லுங்க பாக்கலாம்."

நாயும் நகர்ந்து நிற்கும். மனிதர்களுக்குத்தான் அந்த மரியாதை சில நேரம் கிடைக்காது. பாத்திரத்தைச் சரியாகக் கழுவாமல் நீட்டினால், "ஏன் கண்ணு, உங்க ஊட்டுல தண்ணி வரலையா?" என்று வீதிக்கே கேட்கும்படி விசாரிப்பார்.

எங்கள் வீதியில் அப்போது ஒன்பது நாய்கள். அவற்றுக்குத் தலைமை, நாங்கள் டீச்சர் என்று கூப்பிடும் பெண் நாய். பழுப்பு நிறம். இரண்டு கண்ணையும் சுற்றி வெள்ளை வளையம், மூக்குக் கண்ணாடி போட்ட மாதிரி. காலையில் வீதி முனையில் உட்கார்ந்துகொண்டு, வேலைக்குப் போகிறவர்களை மணியடித்த பிறகு வந்த பிள்ளைகளைப் பார்ப்பது போலப் பார்க்கும். வருஷத்துக்கு இரண்டு முறை குட்டி போடும். ஒவ்வொரு முறையும் ஆறு, ஏழு.

குட்டிகளின் கதை எல்லா ஊரிலும் ஒன்றுதான். முதல் வாரம் எல்லோரும் கொஞ்சுவோம். மூன்றாவது வாரம் ஒன்று லாரியில் அடிபடும். மழை வந்தால் இரண்டு சாக்கடையோடு போகும். எங்களுக்கு அது ஒரு நிமிஷ வருத்தம். மாவு அக்காவுக்கு அப்படி இல்லை, ஏனென்றால் எடுத்துப் புதைக்கிற வேலை அவருடையது. அந்த வருஷ மழையில் ஏழில் ஆறு போயிற்று. ஆறாவதைப் புதைத்த அன்று மாலை அக்கா வீதிப் பிள்ளையார் கோயிலில் வந்து நின்று, "இனிமே இந்த வீதியில ஒரு குட்டியும் பொறக்கக் கூடாதுங்க. பொறந்தாத்தானே சாகும்?" என்றார். நாய்களைக் கருத்தடை மையத்துக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்து, வெறிநாய் ஊசியும் போட்டுத் திரும்பக் கொண்டுவரப் போவதாகச் சொன்னார்.

முதலில் எதிர்த்தது நான்தான்.

"ஏனுங்க்கா, ஒரு ஜீவனோட வம்சத்தை நிறுத்தறது பாவமில்லீங்களா? பைரவரோட வாகனமாச்சே" என்றேன்.

"வாகனம்னு சொல்றீங்க. அந்த வாகனத்தோட குழந்தைக ஆறு சாக்கடையிலயும் டயர்லயும் போச்சு. நான் எடுத்துப் பொதைச்சனுங்க. நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

"பட்டறையில இருந்தனுங்க."

"நாளைக்கு பைரவர் கேட்டாருன்னா அதையே சொல்லுங்க."

நான் பின்வரிசைக்கு நகர்ந்தேன். எங்கள் வீதி நலச் சங்கத் தலைவர் முன்னால் வந்தார். மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நாய்களைக் கண்டால் ஆகாது. ஒருமுறை செவலை துரத்தியதில் வேட்டி ஒரு வீட்டு வாசலிலும் அவர் அடுத்த வீட்டு வாசலிலும் போய்ச் சேர்ந்த சம்பவம் உண்டு. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசாமலும் இருப்பதில்லை.

"ஆபரேஷன் எல்லாம் எதுக்கு? ஒரு வண்டியை வெச்சு ஒம்பதையும் அள்ளி, மதுக்கரைக்கு அக்கட்டால கொண்டி உட்டாச் சோலி முடிஞ்சுது" என்றார் தலைவர்.

"புடிச்ச எடத்துலயே திருப்பி உடோணும்னு சட்டமே இருக்குதுங்க. சரி, சட்டத்தை உடுங்க. நாலாவது வீதிக்காரங்க அள்ளிக் கொண்டி உட்டாங்களே, என்னாச்சு? ரெண்டே மாசத்துல எங்கிருந்தோ புதுசாப் பன்னண்டு வந்துபோட்டுது. நம்ம நாய்களுக்கு தபால்காரரைத் தெரியும், பால்காரரைத் தெரியும். புதுசுக்கு யாரைத் தெரியும்? அது எல்லாரையும் கடிச்சுத்தான் அறிமுகம் பண்ணிக்குது."

நாலாவது வீதியில் கடிபட்டவர்கள் இரண்டு பேர் அங்கேயே நின்றிருந்தார்கள். ஆமாம் என்று காலைத் தூக்கிக் காட்டினார்கள்.

தலைவர் விடவில்லை. எல்லோர் முன்னிலையிலும் ஒரு நிபந்தனை போட்டார். ஆடி ஒன்றாம் தேதிக்குள் ஒன்பது நாய்க்கும் ஆபரேஷன் முடிந்து, ஒன்பதும் உயிரோடு வீதிக்குத் திரும்ப வேண்டும். ஒன்று குறைந்தாலும் மீதி அத்தனையும் மதுக்கரை வண்டியில் ஏறும்.

அக்கா பிள்ளையாரைப் பார்த்தார். "ஒண்ணு கொறஞ்சா வண்டியை நானே கூட்டிட்டு வாரனுங்க" என்றார்.

பூனைகள் நிபந்தனையில் இல்லை. அக்கா அவற்றையும் சேர்த்துக்கொண்டார். மையத்தில் ஒரு கம்பிக் கூண்டு இரவல் வாங்கி, நெத்திலிக் கருவாடு வைத்தார். முதல் நாள் ஒரு கீரி மாட்டியது. கதவைத் திறந்தால், "எனக்கு எதற்கு ஆபரேஷன்?" என்பது போல ஓட்டம் பிடித்தது. இரண்டாம் நாள் மாப்பிள்ளை மாட்டினார். நாலு வீதிக்கும் பெண் பார்க்கப் போய்வரும் கடுவன் பூனை. ஆபரேஷன் முடிந்து, காது நுனியில் அடையாளத்துக்குச் சிறிய வெட்டோடு திரும்பி வந்தார். அடுத்த நாள் கூண்டைப் பார்த்தால் உள்ளே மாப்பிள்ளை. அதற்கடுத்த நாளும் மாப்பிள்ளை. கருவாட்டைத் தின்றுவிட்டு, கதவு திறக்கும்வரை காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருப்பார். "ஏனுங்க மாப்பிள்ளை, இது என்ன லாட்ஜா?" என்று அக்கா கேட்பார். மற்ற பூனைகளைப் பிடிக்க, மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு தட்டில் கருவாடு வைத்து உட்காரவைக்க வேண்டியதாயிற்று.

நாய் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. மையத்து வண்டி மூன்று வீதிக்கு அப்பால் வரும்போதே அந்தச் சத்தம் நாய்களுக்குத் தெரியும். வலையோடு ஆட்கள் இறங்கும்போது வீதியில் ஒரு வால் கூடத் தெரியாது. அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டி ஒன்றை வீதியில் நிறுத்தச் சொல்லி, பின்கதவைத் திறந்து வைத்து, உள்ளே தட்டில் இட்லி. அகப்பையால் தட்டில் டங் டங் என்று இரண்டு தட்டு. பத்து நாள் வெறும் சாப்பாடு, கதவை யாரும் தொடவில்லை. நாய்கள் டவுன் பஸ் ஏறுவது போல முண்டியடித்து ஏறப் பழகின. பதினோராம் நாள் தட்டில் ஒன்றுமில்லை, டங் டங் மட்டும். ஏறியவர்களோடு கதவு மூடியது. மையத்தில் ஒருநாள் வைத்துப் பட்டினி போட்டு, ஆபரேஷன் செய்து, தையல் ஆறியதும் அதே வண்டியில் அதே இடத்தில் கொண்டுவந்து இறக்கினார்கள். காதில் வெட்டைப் பார்த்த பெண்கள், "அட, செவலைக்குக் காது குத்தியாச்சா? தாய்மாமன் மடியில யாருங்க உக்கார வெச்சா?" என்று கேட்டார்கள். குட்டியானைக்காரர், "நாந்தானுங்க" என்று நெஞ்சை நிமிர்த்தினார்.

இப்படி எட்டு முடிந்தது. டீச்சர் மட்டும் ஏறவில்லை. வண்டிக்கு எதிரே உட்கார்ந்து, எட்டுப் பேர் ஏறியதையும் எட்டுப் பேர் காதில் வெட்டோடு இறங்கியதையும் கவனித்துக்கொண்டிருந்தது. ஆடி பிறக்கப் பதினைந்து நாள்தான் இருந்தது. கடைசியில் அக்கா தானே குட்டியானைக்குள் ஏறி, முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு இட்லி சாப்பிட ஆரம்பித்தார். என்ன நடக்கிறது என்று மேற்பார்வை பார்க்க டீச்சர் ஏறியது. மூன்று நாள் இப்படி ஒத்திகை நடந்தது.

மையத்தில் டாக்டர், உடுமலைப்பேட்டைப் பக்கத்துப் பெண், இளம் வயது. முதல்நாளே வைத்துப் பட்டினி போட அந்த வாரம் கூண்டு எதுவும் காலி இல்லை என்று சொல்லிவிட்டார். "முந்தின நாள் பொழுதோட இருந்து பட்டினியா வெச்சுக் கொண்டாந்தீங்கன்னா, அன்னைக்கே பண்ணிடறேன். ஆனா வயித்துல ஒண்ணும் இருக்கக் கூடாதுங்க்கா. மயக்க ஊசி போட்டதும் வாந்தி எடுத்து அது மூச்சுக்குழல்ல போச்சுன்னா, உசுருக்கே ஆபத்து" என்றார்.

அப்போதுதான் அந்தத் தாம்பாளம் வந்தது. வெற்றிலை, பாக்கு, வீட்டுக்கு ஒரு கரண்டி மாவு இனாம். முப்பது வீட்டு வாசலிலும் அக்கா நின்றார்.

"ஏனுங்க, நாளைக்கு நம்ம டீச்சருக்கு ஆபரேஷனுங்க. இன்னைக்குப் பொழுதோட இருந்து ஒரு பருக்கை விழுகக் கூடாது. எல்லாரும் குடும்பத்தோட வந்து..." என்று வாய் தவறி ஆரம்பித்து, "குடும்பத்தோட சும்மா இருந்து ஒத்துழைக்கோணுமுங்க" என்று முடித்தார்.

நானும் வெற்றிலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "கண்டிப்பா அக்கா" என்றேன்.

ஆபரேஷன் நாளையும் காலண்டரையும் மட்டும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மறுநாள் தேய்பிறை அஷ்டமி.

தேய்பிறை அஷ்டமி பைரவருக்கு உகந்த நாள். பட்டறையில் ஒருமுறை லேத்திலிருந்து தெறித்த இரும்புச் சுருள் என் கண் இமையைக் கிழித்துக்கொண்டு போனது. கண் தப்பியது. அன்றிலிருந்து ஒவ்வொரு தேய்பிறை அஷ்டமிக்கும் பைரவருக்கு வடை படைத்து, அதில் இரண்டை ஒரு நாய்க்குப் போடுவது என் வேண்டுதல். எட்டு வருஷத்தில் ஒன்று தவறவில்லை. அது மட்டுமல்ல, வருஷப் பிறப்பன்று அந்த வருஷத்து அஷ்டமி தேதிகளை எல்லாம் சீட்டில் எழுதி வீடு வீடாகக் கொடுப்பதும் நான்தான். எங்கள் வீதியில் அஷ்டமி வழக்கத்தைக் கொண்டுவந்த பெருமை எனக்கு இருந்தது.

அன்று விடியற்காலை குளித்து, பூஜை முடித்து, வடைத் தட்டோடு வாசலுக்கு வந்தேன். டீச்சரைத் தவிர வேறு நாயே இல்லை. டீச்சர் அமைதியாக இருக்கட்டும் என்று மற்ற எட்டையும் அக்கா வீதியின் கடைசிக்கு அழைத்துப் போயிருந்தார். டீச்சர் என் கேட்டுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, வருகைப் பதிவு எடுப்பது போலப் பார்த்தது.

அக்கா சொன்னது ஞாபகம் இருந்தது. மறக்கவில்லை, அதுதான் விஷயம். ஆனால் மனசுக்குள் ஒரு வக்கீல் எழுந்தான். 'அக்கா சொன்னது சாப்பாட்டை. இது பிரசாதம். பிரசாதம் எப்படி ஒரு ஜீவனுக்குக் கெடுதல் செய்யும்? எட்டு வருஷ வேண்டுதலை விட்டால்தான் கெடுதல்' என்றான். இரண்டு வடையையும் போட்டேன். டீச்சர் மென்றதாகக் கூடத் தெரியவில்லை.

எட்டு மணிக்கு டங் டங். அக்கா உள்ளே ஏறினார், டீச்சரும் ஏறியது, கதவு மூடியது. வீதியே வாசலில் நின்று வழியனுப்பியது. மையத்தில் டாக்டர், "பட்டினிதானுங்களே?" என்று கேட்க, அக்கா, "எங்க வீதியே காவல் இருந்துதுங்க" என்று பெருமையாகச் சொன்னாராம். குட்டியானைக்காரர் பிறகு சொன்னார்.

பத்தரை மணிக்கு மையத்திலிருந்து போன் வந்தது. மயக்க ஊசி போட்டதும் டீச்சர் வாந்தி எடுத்துவிட்டது. மூச்சு அடைத்துவிட்டது. டாக்டர் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்து, பிராணவாயு கொடுத்துக்கொண்டிருக்கிறார். பிழைக்குமா என்று இப்போது சொல்ல முடியாது.

வீதி பிள்ளையார் கோயிலில் கூடிவிட்டது. தலைவர் நடுவில் நின்று, "பட்டினி போடச் சொன்ன நாய் எப்படி வாந்தி எடுக்கும்? யாரு சோறு போட்டது?" என்று கேட்டார். நான் பிள்ளையாரை மிகவும் பக்தியோடு கும்பிட்டுக்கொண்டிருந்தேன்.

அப்போது அக்கா குட்டியானையிலிருந்து இறங்கினார். புடவை முழுவதும் டீச்சரின் வாந்தி. அந்தக் கோலத்தில் அவரை நாங்கள் பார்த்ததே இல்லை.

"நாந்தானுங்க போட்டேன். பழக்கதோஷம். வெடியால எந்திரிச்ச வேகத்துல மறந்துபோட்டேன்" என்றார்.

"ஊருக்கெல்லாம் வெத்தலை வெச்சுப்போட்டு நீயே போட்டியா?" என்று தலைவர் சத்தம் போட்டார். "டீச்சர் செத்துதுன்னா ஆடி ஒண்ணாந்தேதி வண்டி வரும். மாத்தமில்லை."

அக்கா தலையை ஆட்டிவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.

மறுநாள் காலையில் மொபெட் ஹாரன் கேட்டது. பாத்திரங்கள் வெளியே வரவில்லை. நாய் வாந்தியைத் தொட்டவள் கை, சொன்ன பேச்சில் நிற்காத கை என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். இரண்டு டிரம்மும் நிறைந்தபடியே திரும்பிப் போயின. பாத்திரத்தோடு வெளியே போன ஒரே ஆள் நான். அன்று முதல் வழக்கத்தைப் போல இரண்டு மடங்கு வாங்கினேன். பதினோரு நாள். காலையில் இட்லி, மத்தியானம் தோசை, மாலையில் ஊத்தப்பம், இரவில் மறுபடி இட்லி. என் வீட்டுக்காரி எட்டாம் நாள் தட்டை வைத்துவிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க, உங்குளுக்கு உடம்புக்கு என்னமோ பண்ணுதா? டாக்டர்கிட்டப் போலாமா?" நான் சட்னி கேட்டேன்.

அக்கா ஒவ்வொரு நாளும் மாவு ஊற்றிவிட்டு, "டீச்சர் இன்னைக்குத் தண்ணி குடிச்சாங்களாம்", "எந்திரிச்சு நின்னாங்களாம்" என்று என்னிடம் மட்டும் சொல்வார். நான் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஆனி கடைசி நாள். காலை ஒன்பது மணிக்குக் குட்டியானை வந்து நின்றது. முன்சீட்டிலிருந்து அந்த டாக்டர் பெண் இறங்கினார். பின்கதவு திறந்தது. உள்ளிருந்து, இளைத்துப்போய், காதில் வெட்டோடு, வயிற்றுப் பக்கம் மழித்த முடியோடு டீச்சர் இறங்கி, வீதி முனையில் தன் இடத்தை மோந்து பார்த்துவிட்டு உட்கார்ந்தது. மற்ற எட்டும் ஓடிவந்து சுற்றி நின்றன. பக்கத்தில் பார்த்தால் தலைவர் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தார்.

டாக்டர் இடுப்பில் கை வைத்து நின்றார். "மூச்சுத் தெளிஞ்சு, ஆபரேஷனும் நல்லபடியா முடிஞ்சுதுங்க. ஆனா இந்த வீதியை நேர்ல பாக்கோணும்னுதான் வந்தேன். ஆபரேஷனுக்குப் போற பேஷன்ட்டுக்கு விருந்து வெச்ச வீதியாச்சே! தயிர்சாதம், சக்கரைப் பொங்கல், ரெண்டு உளுந்து வடை, ஒரு முழுப் போளி. நான் எங்க சொந்தக்காரங்க கல்யாணத்துல கூட இப்படிச் சாப்பிட்டதில்லீங்க."

"எல்லாம் நான் போட்டதுதானுங்க" என்றார் அக்கா அவசரமாக.

"போளியுமா?"

"போளியுந்தானுங்க."

அப்போது தலைவர் வீட்டம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "அதெப்படி? அன்னைக்கு இந்த வீதியிலயே போளி சுட்டது நான் ஒருத்திதான்." தலைவர் பக்கம் திரும்பினார். "ஏனுங்க, அந்தப் போளியை நீங்க தின்னுபோட்டதாத்தானே சொன்னீங்க? சக்கரை ஏறிப்போகும்னு நாள் பூரா உங்களைத் திட்டித் தீத்தனே!"

தலைவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஒருமுறை துடைத்தால் போதாதென்று மறுபடியும் துடைத்தார். "ஜோசியர் சொன்னாரு... அஷ்டமியில நாய்க்கு இனிப்புக் குடுத்தாத் தோஷம் கழியும்னு... நாலு வருஷமாக் குடுத்துட்டுத்தான் இருக்கேன்."

நாலு வருஷமாக! மதுக்கரை வண்டியைப் பற்றிப் பேசிய அதே வாயால், ஆள் பார்க்காத நேரத்தில் டீச்சருக்குப் போளி கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். வீதி சிரித்த சிரிப்பில் மாப்பிள்ளை மதில் மேலிருந்து இறங்கி ஓடினார்.

சிரிப்போடு சிரிப்பாக, மூன்றாம் நம்பர் வீட்டு அம்மா, "தயிர்சாதம் என்னுதுங்க. சீட்டுல அஷ்டமின்னு போட்டிருந்துது" என்றார். பூக்காரர், "பொங்கல் எங்க ஊடுங்க. சாமி நைவேத்தியமாச்சேன்னு..." என்று இழுத்தார்.

"அப்ப வடை?" என்றார் டாக்டர்.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வீதியே சிரித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் எனக்கும் ஒரு சிரிப்பு கிடைத்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் அந்தச் சீட்டை எழுதிக் கொடுத்தவன் நான். பக்திமான் என்று பேர் வாங்கியவன் நான். செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டேன்.

"வடை என்னுதுங்க" என்றார் மாவு அக்கா. "அது மட்டும் மெய்யாலுமே என்னுது. மிச்ச மாவுல சுட்டேன்."

மறுநாள் ஆடி ஒன்று. வண்டி வரவில்லை. முப்பது வீட்டு வாசலிலும் பாத்திரம் வந்தது. தலைவர் வீட்டுப் பாத்திரம் முதலில் வந்தது. அதைத் தலைவரே தேய்த்துக் கழுவி எடுத்து வந்தார்.

இன்றைக்கு எங்கள் வீதியைப் பார்க்க வேண்டும். ஐந்து வருஷத்தில் ஒரு குட்டி கூடப் பிறக்கவில்லை, ஒரு குட்டி கூடச் சாகவில்லை. வயதாகி மூன்று நாய்கள் போய்விட்டன, மூன்றையும் வீதியே சேர்ந்து அடக்கம் செய்தது. ஆறு இருக்கின்றன. டீச்சருக்கு மூஞ்சியெல்லாம் நரைத்துவிட்டது. புது நாய் எதுவும் உள்ளே வர டீச்சர் விடுவதில்லை. வருஷா வருஷம் ஊசி போடத் தலைவரே முன்னால் நின்று, செவலையின் காதைப் பிடித்துக்கொள்கிறார். நாலாவது வீதிக்காரர்கள் தாங்களாகவே வந்து, "எங்க வீதிக்கும் அக்காவை அனுப்புங்க" என்று கேட்டார்கள். இப்போது பத்துப் பதினைந்து வீதிகளுக்கு அக்கா போகிறார். போகும்போது மடியில் பஞ்சாங்கம் இருக்கும். கருத்தடை மையத்துச் சுவரில் மாட்டிய காலண்டரில் தேய்பிறை அஷ்டமிக்கெல்லாம் சிவப்பு வட்டம் போட்டிருக்கிறார்கள். அன்றைக்கு வீதியிலிருந்து நேராக வரும் நாய்க்கு அங்கே கத்தி எடுப்பதில்லை. இப்படி நாள் பார்த்து நாய்க்கு ஆபரேஷன் செய்கிற ஊர் வேறு எங்காவது இருந்தால் சொல்லுங்கள். எனக்கு அதில் பெருமைதான், மறைப்பானேன்.

இதை எழுத உட்காருவதற்கு முன்னால், போன ஞாயிற்றுக்கிழமை அக்காவின் வீட்டுக்குப் போனேன். அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"அக்கா, அந்த வடை என்னுதுங்க" என்றேன்.

"தெரியுமுங்க" என்றார், கையை நிறுத்தாமல்.

"எப்படீங்க?"

"அஷ்டமிக்கு மொத நாளு இந்த வீதியில உளுந்து மாவு வாங்கினது ஒரே ஊடு. கெட்டியா ஆட்டச் சொல்லி நீங்கதான் வந்து சொன்னீங்க. மாவு குடுத்தவளுக்கு வடை போன எடம் தெரியாதுங்களா?"

ஐந்து வருஷம். இது தெரிந்தே தினமும் காலையில் எனக்கு மாவு ஊற்றியிருக்கிறார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமுங்களே அக்கா? உங்க மேல பழியைப் போட்டுக்கிட்டு..."

அக்கா தண்ணீரை வடித்தார். "சொல்லியிருந்தா நீங்க வெக்கப்பட்டு, நாய்க்கு வடை போடறதையே நிறுத்திப்போட்டிருப்பீங்க. மாசத்துல ஒரு நாளாச்சும் அதுகளை சாமியாப் பாக்கற ஆளுக நாலு பேரு வீதிக்கு வேணுமுங்க. போடுங்க. நாளு கேட்டுட்டுப் போடுங்க, அவ்வளவுதான்."

எழுதப் போகிறேன் என்று சொன்னேன். "எழுதுங்க கண்ணு. எம்பேரைப் போட்டுராதீங்க. டீச்சர் பேரைப் போடுங்க" என்றார்.

போட்டுவிட்டேன். இதைப் படிக்கிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டு ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வீதியிலும் நாய்களை அள்ளிப் போகலாமா என்று பேச்சு வரும். அப்போது இந்தக் கதையைச் சொல்லுங்கள். கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். ஒன்பதைத் தொண்ணூறாக்க வேண்டாம். தலைவரைக் கெட்டவராக்க வேண்டாம், அவர் கெட்டவரில்லை. என்னை நல்லவனாக்கவும் வேண்டாம். யார் அந்த அக்கா என்று கேட்டால், எங்கள் அக்கா என்று சொல்லுங்கள். உங்களுக்கும் அப்படிச் சொல்ல உரிமை உண்டு, அவர் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டார்.